முகவரிக்கும் இருக்கைக்கும் இடையில்: குடிநோய் மீட்சியில் ஆதரவுக் குழுக் கூட்டங்கள்

குடியை விட முயலும் ஒருவர், அதை முன்பே விட்டவர்களோடு வாரந்தோறும் ஓர் அறையில் கூடி அமர்வது அவருடைய மீட்சிக்கு எந்த அளவு உதவுகிறது என்ற கேள்வி, மருத்துவம், உளவியல், சமூகவியல் ஆகிய துறைகளில் நெடுங்காலமாக ஆராயப்பட்டுவருகிறது. அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை கூட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களைப் பற்றியவை. கூட்டம் நடப்பதை அறிந்தும் வராதவர்களையும், வர எண்ணிப் புறப்பட்டு வாசலோடு திரும்பியவர்களையும் பற்றிய ஆய்வுகள் ஒப்பீட்டளவில் குறைவு. இந்தியச் சூழலில் கூட்டத்துக்கு வந்து சேராதவர்களே மிகப் பெரும்பான்மையினர் என்பதால், கூட்டம் பலன் தருமா என்பதோடு, அந்தக் கூட்டத்தை ஒருவர் எவ்வாறு கண்டடைகிறார், கண்டடைந்தபின் எவ்வாறு உள்ளே வந்து அமர்கிறார் என்பதும் சம அளவு ஆய்வுக்குரியதாகிறது.

சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகம் (எய்ம்ஸ்) நடத்தி 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பு, 10 முதல் 75 வயது வரையிலான இந்தியரில் 14.6 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 16 கோடிப் பேர், மது அருந்துவதாகவும், அவர்களுள் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் மதுச் சார்பு நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. மதுச் சார்பு என்பது, குடியின் அளவையும் நேரத்தையும் தன் கட்டுக்குள் வைத்துக்கொள்ள இயலாமல், நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை போன்ற விலகல் அறிகுறிகள் தோன்றுகிற, உடலும் மனமும் சேர்ந்து சிக்கிக்கொண்ட நிலையாகும். தமிழ்நாட்டின் சிகிச்சை மையங்களில் இது குடிநோய் என்றே வழங்கப்படுகிறது. அதே கணக்கெடுப்பின்படி, இந்நிலையில் இருப்போரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சையையோ உதவியையோ பெற்றதாகத் தெரிவித்தார். உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இவ்வளவு பெரிய இடைவெளியை மருத்துவமனைப் படுக்கைகளைக் கொண்டு மட்டும் நிரப்ப எந்த மாநில அரசாலும் இயலாது என்பதால்தான், கட்டணமின்றி, மருத்துவரின்றி, குடியை விட்டவர்களே நடத்தும் கூட்டங்கள் பொதுநலக் கொள்கையின் கவனத்தைக் கோருகின்றன.

இக்கட்டுரையில் ஆதரவுக் குழு என்பது, ஒரே சிக்கலைச் சுமப்பவர்கள் தொழில்முறை வல்லுநரின் தலைமையின்றித் தாமாகக் கூடி, தம் அனுபவத்தைப் பகிர்வதன்வழி ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் அமைப்பைக் குறிக்கும். தமிழ்நாட்டில் சேமிப்புக்கும் கடனுக்குமாக இயங்கும் மகளிர் சுய உதவிக் குழுக்களோடும், மறுவாழ்வு மையங்களில் ஆற்றுப்படுத்துநர் நடத்தும் குழுச் சிகிச்சையோடும் இதைக் குழப்பிக்கொள்ளலாகாது.

தோற்றமும் பரவலும்

குடிகாரர்கள் தம்மைத் தாமே மீட்டுக்கொள்ளக் கூடிய முயற்சி இருபதாம் நூற்றாண்டில் தொடங்கியதன்று. 1840இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆறு குடிகாரர்கள் சேர்ந்து தொடங்கிய வாஷிங்டோனியன் இயக்கம் சில ஆண்டுகளுக்குள் நாடெங்கும் பரவியபோதிலும், மதுவிலக்கு அரசியலிலும் பிற பொதுப் பூசல்களிலும் சிக்கி, தோன்றிய வேகத்திலேயே தேய்ந்துபோயிற்று. இத்தகைய வீழ்ச்சியைத் தவிர்க்கும் வகையில் தன்னை வரையறுத்துக்கொண்ட அமைப்பே பின்னர் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் ஆகும். தமிழ்நாட்டில் இது ஏஏ என்ற சுருக்கப் பெயராலேயே அறியப்படுகிறது.

அதன் தொடக்க நிகழ்வு இக்கட்டுரையின் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவதாகும். நியூயார்க்கைச் சேர்ந்த பங்குச் சந்தைத் தரகரான பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1935 மே மாதம் தொழில் நிமித்தமாக ஒஹையோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குச் சென்று, அந்தக் காரியம் தோல்வியில் முடிந்த மனச்சோர்வில், விடுதியின் மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுவோமோ என்று அஞ்சி, அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துத் தொலைபேசியில் ஒவ்வொருவராக அழைத்தார். அவர் தேடியது தன்னைக் காப்பாற்றும் மருத்துவரை அன்று; தான் பேசுவதற்கேற்ற இன்னொரு குடிகாரரை. அந்த அழைப்புகளின் முடிவில் ஹென்ரியெட்டா சைபர்லிங் என்ற பெண்மணி, தமக்குத் தெரிந்த பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரைத் தம் இருப்பிடத்துக்கு வரவழைத்து இருவரையும் சந்திக்கவைத்தார். கால் மணி நேரத்துக்குமேல் இருக்கமாட்டேன் என்று சொல்லி வந்த ஸ்மித், பல மணி நேரம் பேசிவிட்டே எழுந்தார். ஸ்மித் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10 அமைப்பின் பிறந்த நாளாகக் கருதப்படுகிறது. முதல் சந்திப்பே முகவரியால் நிகழாமல், இரு தரப்பையும் அறிந்த மூன்றாமவர் ஒருவர் இடையில் நின்று கூட்டிவைத்ததால் நிகழ்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்தவச் சீர்திருத்த இயக்கத்திலிருந்து பாவ அறிக்கை, தன்மதிப்பீடு, பிறருக்கு இழைத்த தீங்கைச் சரிசெய்தல் ஆகிய கூறுகளை எடுத்துக்கொண்ட ஏஏ, 1939இல் வெளியிட்ட நூலில் அவற்றைப் பன்னிரு படிகளாகத் தொகுத்தது. 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்ட பன்னிரு மரபுகள் அமைப்பின் நடைமுறையை வரையறுத்தன: குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராவதற்குத் தகுதி, வெளியாரிடம் நன்கொடை பெறுவதில்லை, பொதுப் பூசல்களில் கருத்துரைப்பதில்லை, ஊடகங்களில் உறுப்பினர் தம் அடையாளத்தை வெளியிடுவதில்லை. மது விற்பனை சரியா தவறா என்பது பற்றிக்கூட இவ்வமைப்பு கருத்துச் சொல்வதில்லை. 1957இல் இந்தியாவில் வேரூன்றிய ஏஏ, இன்று தமிழ்நாட்டின் நகரங்களிலும் பல சிற்றூர்களிலும் தமிழிலேயே கூட்டங்களை நடத்துகிறது.

தமிழ்நாட்டுப் பின்புலம்

தமிழ்நாட்டில் மதுவைப் பற்றிய பொது விவாதம் பெரும்பாலும் கடையைப் பற்றிய விவாதமாகவே இருந்துவந்திருக்கிறது. 1937இல் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டதும், 1971இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டு 1974இல் மீண்டும் கொண்டுவரப்பட்டதும், 1981இல் மறுபடியும் தளர்த்தப்பட்டதும், 1983இல் தொடங்கப்பட்ட, அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் 2003இன் இறுதியில் சில்லறை விற்பனையையும் தன் ஏகபோகமாக்கிக்கொண்டதும், ஒவ்வொரு தேர்தலிலும் பேசப்படும் வரலாறு. திறப்பதா மூடுவதா என்ற இந்த வழக்கில், ஏற்கெனவே நோயில் விழுந்துவிட்டவரின் மீட்சி பின்தள்ளப்பட்டது. கடை எங்கே இருக்கிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். கூட்டம் எங்கே நடக்கிறது என்பது, அதே தெருவில் நடந்தாலும், பெரும்பாலோருக்குத் தெரியாது.

இதற்கு விதிவிலக்கான முயற்சிகளும் உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை, குடிநோயை ஒழுக்கக்கேடாகக் கருதாமல் சிகிச்சைக்குரிய நோயாகக் கொண்டு, நோயாளியோடு அவர் குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை தரும் முறையைத் தமிழ்நாட்டில் நிலைநிறுத்தியது. 1989 முதல் அது காவிரிப் படுகையின் மஞ்சக்குடியில் நடத்திய சிகிச்சை முகாம்கள், நோயாளியை நகரத்துக்கு அழைப்பதற்கு மாறாக மருத்துவக் குழுவே ஊருக்குச் சென்று தங்கி, ஊர்ப் பெரியவர்களின் துணையோடு இரு வாரச் சிகிச்சை அளித்து, பின்தொடர் சந்திப்புகளையும் அங்கேயே வைத்துக்கொள்ளும் வடிவத்தை உருவாக்கின. உதவி தேடி நோயாளி செல்ல வேண்டிய தூரத்தைக் குறைப்பதே சிகிச்சையின் முதல் படி என்ற உணர்வு இதில் வெளிப்படுகிறது.

கூட்டத்தின் உள்ளே

கூட்டத்துக்கு வராதவர்களில் பலர் தயங்குவது, உள்ளே என்ன நடக்கும் என்பது தெரியாததால்தான். தமிழ்நாட்டில் ஏஏ கூட்டங்கள் பெரும்பாலும் தேவாலயக் கூடங்களிலும், பள்ளி வகுப்பறைகளிலும், மருத்துவமனை வளாகங்களிலும், வேலை முடிந்து வரத்தக்க மாலை நேரத்தில் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் நடக்கின்றன. வட்டமாகவோ வரிசையாகவோ போடப்பட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் தொங்கும் படிகளும் மரபுகளும் அச்சிட்ட பதாகைகள், ஒரு மேசையில் சில சிறு நூல்கள், இடைவேளையிலோ முடிவிலோ தேநீர் என்பதுதான் அங்குள்ள ஏற்பாடு. அன்றைய கூட்டத்தை நடத்துபவர் தொடக்க அறிக்கையை வாசிக்க, ஒருவர்பின் ஒருவராக எழுந்து, தம் பெயரையும் தாம் ஒரு குடிநோயாளி என்பதையும் சொல்லி, குடித்த காலத்தில் நிலை எப்படி இருந்தது, எது திருப்பியது, இப்போது எப்படி இருக்கிறது என்ற மூன்றையும் ஒட்டிப் பேசுகிறார்கள். ஒருவர் பேசும்போது பிறர் குறுக்கிடுவதில்லை. பேசி முடித்தபின் அறிவுரை சொல்வதுமில்லை. பேச விரும்பாதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். கையெழுத்துப் பதிவேடோ நுழைவுக் கட்டணமோ கிடையாது. கூட்ட முடிவில் சுற்றிவரும் பையில் உறுப்பினர் இயன்றதைப் போடுகிறார்கள், புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை.

கூட்டங்கள் இரு வகைப்படும். திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், மாணவர், மருத்துவர் என யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டுமே உரியது. தொடக்கத்தில் தொண்ணூறு நாட்களுக்குத் தொண்ணூறு கூட்டங்கள் என்ற வழக்கு உறுப்பினர்களிடையே உண்டெனினும், தினமும் கூட்டம் நடக்கும் ஊர்களிலேயே அது இயலும். நீண்ட காலம் குடிக்காமல் இருக்கும் மூத்த உறுப்பினர் ஒருவர் புதியவருக்கு ஸ்பான்சராக, அதாவது படிகளை விளக்கி, குடிக்கத் தோன்றும் வேளையில் எந்த நேரத்திலும் அழைத்துப் பேசக்கூடிய வழித்துணையாக, அமைகிறார். இனி வாழ்நாளெல்லாம் குடிப்பதில்லை என்ற சபதத்தை யாரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் குடிக்காமல் இருப்பது என்பதே இலக்கு.

இந்த அமைப்பைத் தமிழர் ஏற்கெனவே அறிந்த ஒரு வழக்கத்தோடு ஒப்பிடலாம். சபரிமலைக்கு மாலை போட்டவர், ஆண்டு முழுவதும் குடித்தவராயினும், ஒரு மண்டலக் காலம் குடியைத் தொடாமல் இருப்பது பரவலாகக் காணப்படுவது. கருப்பு உடையும் மாலையும் ஊரறிந்த அடையாளமாக இருக்கின்றன, குருசாமி வழிநடத்துகிறார், மாலைதோறும் பஜனையில் கூட்டாளிகள் சேர்கிறார்கள், குடிக்க அழைத்துவந்த பழைய நண்பர்களே இப்போது சாமி என்று விளித்து விலகி நிற்கிறார்கள். மன உறுதி மட்டுமன்றி, அதைச் சூழ்ந்து தாங்கும் கூட்டமும் சேர்ந்தே ஒருவரைக் குடிக்காமல் வைக்கிறது என்பதற்கு இது சான்று. ஆனால் விரதத்துக்கு முடிவு நாள் உண்டு. மாலையைக் கழற்றியதும் அந்தக் கூட்டமும் கலைந்துவிடுவதால், பலர் அன்றே பழைய இடத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆதரவுக் குழு செய்வது, முடிவு நாளை நீக்கிவிட்டு அதே தாங்குதலை நீட்டிப்பதாகும்.

மாற்று வடிவங்கள்

ஏஏவின் படிகள், தாம் புரிந்துகொண்டபடியான ஓர் உயர்சக்தியிடம் தம்மை ஒப்படைப்பதைப் பற்றிப் பேசுவதால், இறைநம்பிக்கை இல்லாதவர்களுக்கு அவை இடறலாக இருந்துவந்துள்ளன. அந்த உயர்சக்தி குழுவாகவே இருக்கலாம் என்று பல உறுப்பினர்கள் விளக்கம் தருவதுண்டு. ஆயினும் அமெரிக்க நீதிமன்றங்கள் சில, 1990களில், கைதிகளை இத்தகைய கூட்டங்களுக்கு வரும்படி அரசு கட்டாயப்படுத்துவது மதச் சுதந்திரத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தன. சமயச் சார்பற்ற மாற்றாக 1994இல் உருவான ஸ்மார்ட் ரெக்கவரி, நோயாளி என்ற அடையாளத்தை ஏற்க வேண்டிய தேவையின்றி, எண்ணங்களையும் நடத்தையையும் ஆராய்ந்து மாற்றும் உளவியல் பயிற்சிகளைக் கூட்டத்தின் மையமாக்கியது. இணையவழிக் கூட்டங்களையும் நடத்துகிறது. அதற்கு முன்பே, 1975இல், ஜீன் கிர்க்பாட்ரிக் தொடங்கிய விமன் ஃபார் சொப்ரைட்டி, தன்முனைப்பைக் கரைக்கச் சொல்லும் படிகள் ஏற்கெனவே தன்மதிப்பு இழந்து நிற்கும் பெண்களுக்குப் பொருந்தா என்ற அடிப்படையில், தன்மதிப்பை வளர்க்கும் கூற்றுகளை வைத்துக்கொண்டது.

தமிழ்ச் சூழலுக்கு இவற்றினும் நெருக்கமான பாடம் தருபவை வேறு இரண்டு. ஜப்பானில் 1950களின் இறுதியில் தோன்றி 1963இல் நாடளாவிய கூட்டமைப்பாக வளர்ந்த தன்ஷுகாய் என்ற குடி விலக்குச் சங்கங்கள், ஏஏவிலிருந்து ஊக்கம் பெற்றவையாயினும், பெயர் மறைப்பைக் கைவிட்டு, உறுப்பினர் பதிவையும் சந்தாவையும் ஏற்று, மனைவியும் கணவரும் ஒன்றாக வந்தமர்ந்து பேசும் முறையை மேற்கொண்டன. 1964இல் ஸாக்ரெப் நகரில் உளநல மருத்துவர் விளாதிமிர் ஹுதோலின் தொடங்கிய சங்கங்களும், தனிமனிதரை விடுத்துச் சில குடும்பங்களின் தொகுதியையே குழுவாகக் கொண்டு, பின்னர் இத்தாலியில் பெரிதும் பரவின. பெயர் மறைப்பு என்பது மீட்சியின் இன்றியமையாத நிபந்தனை அன்று, ஒரு சமூகத்தின் வெட்கத்துக்கு அச்சமூகம் கண்ட விடைகளுள் ஒன்றே என்பதை இவை காட்டுகின்றன. குடிப்பது ஊருக்கே தெரிந்திருக்கும் ஒரு தமிழ்க் கிராமத்தில் மறைக்க வேண்டியிருப்பது குடியை அன்று, உதவி தேடுவதை. அங்கே குடும்பத்தோடு கூடும் வடிவம் மேலும் பொருந்தக்கூடும்.

பலன் பற்றிய சான்றுகள்

ஆதரவுக் குழுக்களின் பலனை அளவிடுவது எளிதன்று. ஏஏவில் உறுப்பினர் பட்டியல் கிடையாது. வருவோர் தாமாக வருவோராதலால், அவர்கள் குடியை விட்டது கூட்டத்தாலா, ஏற்கெனவே இருந்த உறுதியாலா என்று பிரித்தறிவது கடினம். இந்தக் குறையைச் சுட்டி, அமெரிக்க உளநல மருத்துவர் லான்ஸ் டோட்ஸ் 2014இல் வெளியிட்ட நூலில், பன்னிரு படி முறையால் மீள்வோர் பத்தில் ஒருவருக்கும் மேற்படார் என்று வாதிட்டார். மருத்துவச் சான்றுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் 2006ஆம் ஆண்டு மதிப்பாய்வும் உறுதியான முடிவுக்கு வர இயலவில்லை என்றே கூறியது.

ஆயினும் அதன்பின் சான்றுகளின் எடை மாறிற்று. அதே காக்ரேன் அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பாய்வில், ஜான் கெல்லி, கீத் ஹம்ஃப்ரீஸ், மரிகா ஃபெர்ரி ஆகியோர் 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்து, நோயாளியை ஏஏ கூட்டங்களோடு முறையாக இணைத்துவைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 42 விழுக்காட்டினர் ஓராண்டு முடிவில் முழு மது விலக்கில் இருந்ததாகவும், பிற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் இது 35 விழுக்காடு என்றும், சிகிச்சைச் செலவும் பெரும்பாலும் குறைவாகவே இருந்ததென்றும் கண்டனர். 1,726 நோயாளிகளைக் கொண்டு 1990களில் நடந்த ப்ராஜெக்ட் மேட்ச் ஆய்விலும், ஒட்டுமொத்தக் குடியளவில் அதில் ஒப்பிடப்பட்ட மூன்று சிகிச்சைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு காணப்படாவிட்டாலும், தொடர்ச்சியான முழு விலக்கு என்ற அளவுகோலில் கூட்டங்களோடு இணைக்கும் முறை முன்னின்றது. இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த ஆய்வுகள் அளந்தது கூட்டத்தை மட்டுமன்று, ஒருவரைக் கூட்டத்தோடு முனைந்து இணைத்துவைக்கும் தொழில்முறை முயற்சியையும் சேர்த்தே.

எதனால் பலன் விளைகிறது என்ற கேள்விக்கு ஆய்வாளர்கள் தரும் விடை, ஆன்மிக மாற்றத்தைவிட நட்பு வட்ட மாற்றத்துக்கே பெரிதும் முதன்மை தருகிறது. மார்க் லிட் குழுவினரின் ஆய்வில், ஒருவரின் நட்பு வட்டத்தில் குடிக்காத ஒரே ஒருவர் சேர்ந்தாலும், அடுத்த ஆண்டில் அவர் குடிக்காமல் இருக்கும் வாய்ப்பு 27 விழுக்காடு கூடியது. உதவி பெறுபவரைவிட உதவி செய்பவரே கூடுதலாகப் பலன் அடைகிறார் என்று சமூக உளவியலாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் முன்வைத்த கோட்பாடும் இதனோடு இணைந்தது. புதியவரை அழைத்துவரும் பழைய உறுப்பினர், அதன்வழித் தம் விலக்கையே வலுப்படுத்திக்கொள்கிறார்.

மருத்துவம் முந்த வேண்டிய இடம்

கூட்டங்கள் மருத்துவத்துக்கு மாற்றன்று. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், சில மணி நேரத்தில் நடுக்கமும், முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பும், இரண்டாம் நாளுக்குப்பின் இல்லாதவற்றைக் கண்டு பிதற்றும் உயிராபத்தான நிலையும் ஏற்படக்கூடும். ஆகவே விலகல் அறிகுறிகளைக் கட்டுப்படுத்தும் சிகிச்சையும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும், மருத்துவரின் கண்காணிப்பில் முதலில் நடந்தேற வேண்டியவை. அதேபோல், நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை எடுத்துக்கொள்பவர் உண்மையாகக் குடியை விட்டவர் அல்லர் என்று சில உறுப்பினர் சொல்வதுண்டெனினும், அது அமைப்பின் கொள்கையன்று. மருந்தை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தக் குழுவுக்கும் இல்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு வழக்கமும் எச்சரிக்கைக்குரியது. குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ குழம்பிலோ மருந்து கலந்து கொடுத்துவிட்டால் குடியை மறந்துவிடுவார் என்ற விளம்பரங்கள் சுவரெங்கும் காணப்படுகின்றன. இவ்வாறு கலக்கப்படும் டைசல்ஃபிராம் போன்ற மருந்து உடலில் இருக்கும்போது ஒருவர் மது அருந்தினால், இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். நோயாளியின் அறிவும் ஒப்புதலும் இல்லாமல் தரப்படும் எதுவும் மீட்சி ஆகாது.

கண்டடைதலும் அடைதலும்

கூட்டம் நடக்குமிடத்தை அறிவதற்கு இன்று வழிகள் பல உள்ளன. போதை மீட்புக்கான தேசிய உதவி எண்ணாகிய 14446, மனநலத்துக்கான டெலிமானஸ் எண்ணாகிய 14416, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகள், மறுவாழ்வு மையங்கள், ஏஏவின் வட்டார அலுவலகங்கள், அமைப்பின் இணையதளப் பட்டியல் ஆகியவற்றின் வழியே அதைப் பெறலாம். இருப்பினும் தகவல் கிடைப்பதும் கூட்டத்துக்குச் செல்வதும் வெவ்வேறு செயல்கள் என்பதை 1981இல் சிசன், மல்லம்ஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் செய்த சிறிய சோதனை துலக்கமாகக் காட்டியது. இருபது நோயாளிகளில் பத்துப் பேருக்குக் கூட்டத்தின் இடமும் நேரமும் சொல்லப்பட்டு, செல்லும்படி ஊக்கமும் தரப்பட்டது. மற்றப் பத்துப் பேருக்கோ, ஆற்றுப்படுத்துநர் அவர்கள் முன்னிலையிலேயே ஏஏ உறுப்பினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துப் பேசவைத்தார். அந்த உறுப்பினர் கூட்டத்தன்று தாமே வந்து அழைத்துச்செல்ல முன்வந்தார். முதற்குழுவில் ஒருவர்கூடக் கூட்டத்துக்குச் செல்லவில்லை. இரண்டாம் குழுவில் பத்துப் பேரும் சென்றனர். எண்ணிக்கை சிறிதாயினும், பின்னர் கிறிஸ்டீன் டிம்கோ குழுவினர் பெரிய அளவில் செய்த ஆய்வும், முனைந்து இணைத்துவைக்கும் பரிந்துரை வெறும் பட்டியலைக் கொடுப்பதைவிட நல்ல பலன் தருவதை உறுதிப்படுத்தியது.

இந்த முடிவைத் தமிழ்நாட்டு மருத்துவமனை நடைமுறையில் வைத்துப் பார்த்தால் குறை புலப்படும். உள்நோயாளியாகச் சிகிச்சை முடித்து வெளியேறுபவரின் விடுவிப்புச் சீட்டில் கூட்டத்துக்குச் செல்லவும் என்ற ஒரு வரி எழுதப்படுவதே பரிந்துரையாகக் கொள்ளப்படும் இடங்கள் பல. அதே வார்டில் அவர் இருக்கும்போதே உறுப்பினர் ஒருவர் வந்து பேசி, தொலைபேசி எண்ணைப் பரிமாறிக்கொண்டு, வெளியேறிய முதல் மாலையே பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து அழைத்துச்செல்லும் ஏற்பாட்டுக்கு அரசுக்குப் பெரும் செலவு எதுவும் இல்லை. ஏஏ உறுப்பினர்கள் இதை, பிற குடிநோயாளிகளுக்கு உதவச் சொல்லும் தம் பன்னிரண்டாம் படியின் கடமையாகவே கருதுகிறார்கள்.

வாசலில் நிற்கும் தடைகள்

தடைகளுள் முதலாவது நேரம். டாஸ்மாக் கடைகள் நண்பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கின்றன. கூலி கைக்கு வரும் நேரமும், உடல் சோர்ந்து குடியை நாடும் நேரமும் ஒன்றே. மாலைக் கூட்டம் அதே மணியை வேறொன்றால் நிரப்புகிறது என்பது அதன் நேரடிப் பயன்களில் ஒன்று. ஆனால் கட்டட வேலைக்காகவும் ஓட்டுநர் பணிக்காகவும் ஊர் ஊராகச் செல்பவர்களுக்கு ஒரே இடத்தில் நடக்கும் வாரக் கூட்டம் எட்டாது. அவர்களுக்குக் கைப்பேசிவழிக் கூட்டங்களும், வேலையளிப்பவர் தரும் நேரச் சலுகையும் தேவைப்படுகின்றன.

இரண்டாவது தடை, பெண்கள் எதிர்கொள்ளும் வெட்கம். தேசியக் கணக்கெடுப்பின்படி மது அருந்தும் ஆண்கள் 27.3 விழுக்காட்டினராக இருக்க, பெண்கள் 1.6 விழுக்காட்டினரே, ஆகவே ஆண்கள் நிறைந்த அறைக்குள் தனியாக நுழைய வேண்டிய நிலை பெரும்பாலான குடிநோயாளிப் பெண்களைத் தடுத்துவிடுகிறது. புதிதாக வரும் பெண்களிடம் மூத்த உறுப்பினர் பாலியல் நோக்கோடு நெருங்கிய புகார்கள் உலகின் பல பகுதிகளில் எழுந்துள்ளன. கண்காணிப்பு அமைப்பு ஏதுமில்லாத குழுவின் பலவீனம் இது. பெண்களுக்கு மட்டுமான கூட்டங்களும், பெண்ணுக்குப் பெண்ணே ஸ்பான்சராக அமையும் வழக்கமும் இதைத் தணிக்கும் வழிகள்.

மூன்றாவது தடை இடம். சாதிவாரியாகத் தெருக்கள் பிரிந்திருக்கும் ஊரில் கூட்டம் எந்தத் தெருவில், யாருடைய கட்டடத்தில் நடக்கிறது என்பதே, யார் வருவார், யார் வரமாட்டார் என்பதைத் தீர்மானித்துவிடும். தேவாலயக் கூடத்தில் நடப்பதால் இது மதமாற்ற முயற்சி என்று ஐயுறுவோரும் உண்டு. அரசுப் பள்ளி, நூலகம், ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற பொது இடங்கள் மாலையில் இதற்குத் திறந்துவிடப்பட்டால் இந்தத் தயக்கத்தில் ஒரு பகுதி குறையும்.

மறுபடி குடித்துவிட்ட வெட்கம் நான்காவது தடை. மறுவீழ்ச்சி குடிநோயின் இயல்பான போக்கில் அடிக்கடி நிகழ்வது. ஆயினும் இத்தனை மாதம் குடிக்காமல் இருந்ததாகச் சொன்ன குழுவின் முன் மீண்டும் முதல் நாளிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டியிருப்பதால், பலர் வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். வராத வாரத்தில் தேடிச்சென்று அழைக்கும் குழுவே இவர்களைத் தக்கவைத்துக்கொள்கிறது.

குடும்பத்தின் பங்கு

தமிழ்நாட்டில் உதவியை முதலில் தேடுபவர் பெரும்பாலும் குடிப்பவர் அல்லர், அவருடைய மனைவியோ தாயோ ஆவார். சத்தியம் வாங்குவது, கோயிலில் கயிறு கட்டவைப்பது, ஊர்ப் பெரியவரிடம் முறையிடுவது என எல்லாம் முயன்று களைத்தபின்னரே அவர்கள் மையத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அவர்களுக்கென்றே அமைந்தது, பில் வில்சனின் மனைவி லோயிஸ் வில்சனும் இன்னொருவரும் சேர்ந்து 1951இல் தொடங்கிய அல்-அனான். பதின்வயதினருக்கான அலட்டீன் 1957இல் தோன்றியது. கணவரைக் குடிக்காமல் செய்வது எப்படி என்பதை இக்கூட்டங்கள் கற்பிப்பதில்லை. அவருடைய குடிக்குத் தாம் காரணமல்லர் என்பதையும், அவருடைய கடனை அடைப்பது, விடுப்புக்குப் பொய் சொல்வது போன்றவை நோயை நீட்டிக்கவே உதவுகின்றன என்பதையும், வன்முறை நேரும்போது தம்மையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வதே முதற்கடமை என்பதையும் உணரச் செய்கின்றன. கணவர் வர மறுத்தாலும் மனைவி தனியாக இக்கூட்டத்துக்கு வரலாம் என்பதே பல குடும்பங்கள் அறியாத செய்தி.

முடிவுரை

இதுவரை கண்ட சான்றுகளைத் தொகுத்தால் மூன்று முடிவுகள் பெறப்படும். ஆதரவுக் குழுக் கூட்டங்கள் பிற உளவியல் சிகிச்சைகளுக்குக் குறையாத பலனையும், முழு விலக்கு என்ற அளவில் சற்றுக் கூடுதலான பலனையும் தருகின்றன; அந்தப் பலன் எல்லோருக்கும் உரியதன்று, மருத்துவத்தின் இடத்தை அது நிரப்புவதும் இல்லை. எந்த ஒரு வடிவமும் எல்லாச் சமூகத்துக்கும் பொருந்துவதில்லை; பெயர் மறைத்துக் கூடுவதும் குடும்பத்தோடு கூடுவதும், இறைவனை முன்வைப்பதும் வைக்காததும், ஒரே ஊரில் அடுத்தடுத்த அறைகளில் நடக்கத்தக்கவை. மூன்றாவதாகவும் முதன்மையாகவும், ஒருவரைக் கூட்டத்துக்குக் கொண்டுவருவது தகவலன்று, துணை.

இந்த மூன்றாவது முடிவிலிருந்து பின்பற்றத்தக்க நடைமுறைகள் தெளிவானவை. மாவட்டந்தோறும் கூட்டங்களின் இடமும் நேரமும் தமிழில் அச்சிடப்பட்டு ஆரம்ப சுகாதார நிலையம் வரை சென்றுசேர வேண்டும்; சிகிச்சை மையங்கள் தாம் பரிந்துரைத்தவர்களில் எத்தனை பேர் முதல் கூட்டத்தில் உண்மையில் அமர்ந்தனர் என்பதைக் கணக்கெடுக்க வேண்டும்; ஆற்றுப்படுத்துநரின் பணி முகவரி கொடுப்பதோடு முடியாமல், அழைத்துச்செல்பவரை அறிமுகப்படுத்துவதுவரை நீள வேண்டும். மது விற்பனையால் வருவாய் ஈட்டும் ஒரு மாநிலத்தில், 38 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை மாற்றும் பொறுப்பு நோயாளியின் மன உறுதியின்மேல் மட்டும் சுமத்தப்படுவது நியாயமாகாது. அந்தப் பொறுப்பில் அரசும், மருத்துவமனையும், முன்பே மீண்டவர்களும் பங்கேற்கும்போதுதான் கூட்டங்களின் பலன் பற்றிய சான்றுகள் நடைமுறையில் பொருள் பெறும்.